எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன், இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கம் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான்கு நாட்களாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் கான் வெட்டுகிறவன். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலைத்தான் கான் என்போம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாம் நாள் காலையில், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருக்கும் கானைப் பார்க்கப் போனேன். அத்தனை மழையிலும் அதில் தண்ணீர் குறைந்திருந்தது. அப்படி நான் பார்த்ததே இல்லை. இன்னும் மேலே ஏறினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண் ஒரு சாண் அகலத்துக்குப் பிளந்திருந்தது. தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் எங்கள் லயம், பன்னிரண்டு குடும்பங்கள்.

ஓடிவந்து சொன்னேன். "போன மழைக்கும் இதத்தான் சொன்னீங்க மாமா. இந்தக் குளிர்ல எங்க போறது?" என்று அடுத்த வீட்டு மருமகன் சிரித்தான். "வாய்க்குள்ளயே பேசினா யாருக்குக் கேக்கும்?" என்றாள் என் மனைவி. கங்காணிக்கு போன் எடுத்தேன், கிடைக்கவில்லை.

அடுத்த வீட்டில் எங்கள் பகுதியின் சமூக வானொலி பாடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வராதது, பஸ் வராதது, கோயில் திருவிழா, மரண அறிவித்தல் என்று காலையில் தோட்டத்து ஆட்களே போன் எடுத்துச் செய்தி சொல்வார்கள். லயமே கேட்கும். நான் சொன்னால் நம்பாதவர்கள் வானொலி சொன்னால் நம்புவார்கள். கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று வானொலிக்குப் போன் எடுத்தேன்.

அறிவிப்பாளர் பெண் வணக்கம் சொன்னதும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. மூச்சு மட்டும்தான் கேட்டிருக்கும். அவர் போனை வைக்கவில்லை. "இருக்கேங்க அண்ணே. உங்க வீட்டு ஆளுககிட்ட பேசுற மாதிரி சொல்லுங்க" என்றார். "மேப்பிரிவு பத்தாம் நம்பர் லயத்துக்கு மேல மண்ணு வெடிச்சிருக்கு. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதையே அவர் இரண்டு தடவை திருப்பிச் சொன்னார்.

அடுத்த வீட்டு மருமகன் வெளியே ஓடிவந்து, "மாமா, ரேடியோவுலயே சொல்லிட்டாங்க, வாங்க!" என்று என்னையே இழுத்தான். பாய், தலையணை, பிள்ளைகளோடு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினோம்.

என் போன் அடித்தபடியே இருந்தது. தெரியாத எண். திட்டத்தான் போகிறார்கள் என்று பயந்து எடுக்கவில்லை. மனைவி பிடுங்கி என் காதில் வைத்தாள்.

"எந்தத் தோட்டம்னு சொல்லலியே அண்ணே!" அதே அறிவிப்பாளர்தான். "மூணு தோட்டத்துல பத்தாம் லயத்து ஆளுக மழையில நின்னுக்கிட்டு எங்களக் கேக்குறாங்க."

மேல் பிரிவும் பத்தாம் நம்பர் லயமும் எத்தனையோ தோட்டங்களில் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து எங்கள் ஆட்களோடு மட்டுமே பேசிய எனக்கு, தோட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. வெட்கத்தில் அழுகை வந்தது. அவர் கோபிக்கவில்லை. தோட்டத்தின் பெயரைக் கேட்டு வானொலியில் சொன்னார். "மத்த தோட்டத்து ஆளுக, எறங்கினது எறங்கிட்டீங்க, உங்க மேல் கானையும் ஒரு தடவ பாத்துட்டு வீட்டுக்குப் போங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் மண் சரிந்து எங்கள் லயத்தில் நான்கு வீடுகளை மூடியது. உள்ளே யாரும் இல்லை. இன்னொரு தோட்டத்தில் மேல் கான் அடைத்திருந்ததைக் கண்டு வெட்டிவிட்டதாகச் சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள்.

இப்போது தூறல் போட்டாலே, "மாமா, போன் எடுங்க. தோட்டம் பேர மறந்துறாதீங்க" என்கிறான் அடுத்த வீட்டு மருமகன். எடுக்கிறேன். இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் வெறும் மூச்சு கேட்டாலும் வைத்துவிடாமல் காத்திருக்க அந்தப் பக்கம் ஒருவர் உண்டு என்று தெரிந்த பிறகு, எப்படியோ பேசிவிடுகிறேன்.