ஸ்ரௌவ்வில் வயலில் உரம் காணாத வரிசை

“ஒரு மூடை உரத்துக்கு இவ்வளவு விளைந்தால், இரண்டு மூடைக்கு இரட்டிப்பாய் விளையுமா, ரீச்சர்?” யாழ்ப்பாணத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் ஒரு மாணவி கேட்டாள். மண்ணைத்தான் கேட்கவேண்டும் என்றேன். மண் பதில் சொன்னதை நான் கண்ணால் கண்டது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூலைச் சனிக்கிழமை, ரொறன்ரோவுக்கு வடக்கே.

ஸ்காபரோவில் எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் குணம். ஊரில் வெங்காயம் செய்தவர்; இங்கே தொழிற்சாலை வேலை. ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வில்லோத் தடிகள் நட்டிருந்தார். வேகமாக வளரும் மரம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டிச் சீவலாக்கி, கொதிகலன்களுக்கு எரிபொருளாக விற்கலாம். முந்தின வருடம் நட்ட கையோடு வெங்காயத்துக்குப் போடுவதுபோல் யூரியா போட்டுவிட்டார். வேர் பிடிக்காத தடிகளுக்கு அது பயன்படவில்லை. புல்தான் தின்று ஆளுயரம் வளர்ந்தது. இந்தக் கோடையிலும் தேறாவிட்டால் நிலத்தைச் சோளத்துக்குக் கொடுத்துவிடுவதாக நிலச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அன்று அவர் பார்க்க வரும் நாள்.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். மார்க்கம் ரோட்டில் நேரே வடக்கே நாற்பது கிலோமீற்றர், ஐம்பது நிமிடம். டிக்கியில் இரண்டு மூடை யூரியா.

“புல்லுக்கு விருந்து வைச்ச மனிசன், இண்டைக்கும் சீர்வரிசையோடை போறார்,” என்றார் குணத்தின் மனைவி புஷ்பம்.

“சாப்பாடு குடுக்காமல் பிள்ளை வளருமே?”

“பால்குடிப் பிள்ளைக்குப் புட்டுத் தீத்தினவர் நீங்கள்தானே!”

வயலில் இறங்கினோம். பல தண்டு விடட்டும் என்று மார்ச்சில் தரையோடு வெட்டிவிட்ட கட்டைகள். இப்போது ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்துத் தண்டுகள், என் தலைக்கு மேலே. காற்று வீச, முழு வயலும் வெள்ளியாய்ப் புரண்டது. ஒளித்தொகுப்பை எத்தனையோ வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டிய நான் வாய் திறந்தபடி நின்றேன்.

நடுவில், மேட்டிலிருந்து பள்ளம்வரை ஓடும் ஒரு வரிசைக்கு மட்டும் உரமில்லை. மே மாதம் குணம் உரம் போடும்போது, உரமில்லாமல் வளருதா பார்ப்போம் என்று புஷ்பம் மறித்து வைத்தது. பள்ளத்தில் அதுவும் மற்ற வரிசைகளின் உயரமே நின்றது.

“பாருங்கோ ரீச்சர், என்ர பிள்ளை பட்டினியிலும் வளர்ந்திட்டுது!”

அங்கே பல வருடம் மாடு கட்டியிருந்ததாகவும் சாணம் ஊறிய மண் என்றும், அதற்குள் வந்து சேர்ந்திருந்த சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“மேட்டுக்கும் ஒருக்கா வாரும்,” என்றார் குணம்.

அதே வரிசை மேட்டின் மணலில் வெளிறி, என் இடுப்பளவே நின்றது. இருபக்கமும் உரம் கண்டவை கரும்பச்சையாய்த் தலைக்கு மேல். புஷ்பம் ஒரு இலையைத் தடவிப் பார்த்தார்.

“பாவம், இதுக்குப் பசிதான். ஒரு மூடையை இறக்குங்கோ. மேட்டுக்கு மட்டும்!”

சொந்தக்காரர் குணத்தின் கையைக் குலுக்கினார். இனிச் சோளப் பேச்சில்லை என்றார். மற்ற மூடை திறக்கப்படாமலே எங்களோடு வீடு திரும்பியது. பள்ளத்தில் கொட்டியிருந்தால் விளைச்சல் கூடியிராது, செலவுதான் கூடியிருக்கும். அந்த மாணவிக்குக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்படி வயல் பார்க்கப் போகிறவர்கள் முழங்கால்வரை சப்பாத்தும் நுளம்புக்கு எண்ணெயும் கொண்டுபோங்கள். பஸ் கிடையாது. எங்களுக்குப் போகவரப் பெற்றோல் ஐந்து டொலர்தான் ஆனது. நீங்களே மரம் நட்டால், முதல் வருடம் புல்லை மட்டும் பிடுங்குங்கள். அடுத்த வருடம் உரம் போடும்போது, மேட்டிலிருந்து பள்ளம்வரை ஒரு வரிசையைத் தொடாமல் விட்டுப் பாருங்கள்.