றேணுகா வீட்டுக் கருணை

"இந்த முட்ட போட்ட கோழி கூண்டுல இல்லாம வெளியில நடக்குமா, அரூஸ்?"

முட்டையொன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி றேணுகா கேட்கிறாள். கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருக்கும் அரூசுக்கு வாராவாரம் நடக்கும் விசாரணை இது.

"நடக்கும் மிஸ். நேத்து அசர் தொழுகைக்குப் பொறகு ஒங்கட வீட்டுப் பக்கமாத்தான் போனிச்சு. காணல்லயா?"

பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். றேணுகா சிரிப்பதில்லை. கோழியின் துன்பத்தில் அவளுக்கு நகைச்சுவை தெரியாது.

அவள் வீட்டில் தோல் பொருட்களுக்குத் தடை. கணவன் டக்ளசின் காற்சட்டை ரெக்சின் பட்டியை நம்பி நிற்கிறது. அவன் அவ்வப்போது "கலகெதரயில ஒரு அலுவல்" என்று கிளம்பி, ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி சாப்பிட்டு, சோப்புப் போட்டு வாய் கழுவிக்கொண்டு திரும்புவான். மகன் கிஷான் எறும்பை மிதித்தாலும் அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் மூன்று நாய்களுக்கும் தனித்தனி மெத்தை உண்டு. வேலை செய்யும் சுப்பம்மா ஸ்டோர் அறையில், அரிசி மூட்டைக்கும் நாய்ச் சாப்பாட்டு மூட்டைக்கும் நடுவே பாய் விரித்துப் படுப்பாள்.

சுப்பம்மா 'நோனா' என்று எஜமானியம்மாவாகக் கூப்பிட்டால் றேணுகாவுக்குப் பிடிக்காது. சமத்துவம் முக்கியம். ஆகவே பத்து வயது மூத்த சுப்பம்மா அவளை 'அக்கா' என்பாள். அவள் சுப்பம்மாவை 'சுப்பம்மா' என்பாள்.

தேயிலையிலும் றேணுகா கண்டிப்பானவள். தொழிலாளருக்கு நீதி செய்த தோட்டத்துத் தேயிலை என்று முத்திரை குத்திய பாக்கெட் மட்டுமே அந்த வீட்டுக்குள் வரும்.

"பாரு சுப்பம்மா, இதப் பறிச்ச கைக்கு நியாயம் கெடைச்சிருக்குன்னு போட்டிருக்காங்க."

ஹேவாஹெட்டத் தோட்டத்தில் வருடக்கணக்காகக் கொழுந்து பறித்த சுப்பம்மா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். "அப்படிங்களாக்கா? எந்தக் கைன்னு போட்டிருக்காங்களா?"

முகம் தெரியாத கைக்குச் செய்யும் நீதி சுலபமானது. அந்தக் கை லீவு கேட்காது.

போன புதன்கிழமை சுப்பம்மா கேட்டாள். தோட்டத்திலிருக்கும் அவளுடைய மகள் தர்ஷிகாவுக்கு நிறைமாதம்.

"தலப்பிரசவம்க்கா. தாய் நான் பக்கத்துல இல்லாட்டி எப்படி? நாளைக்குப் போயிட்டு, புள்ள பொறந்ததும் வந்துர்றேன்."

றேணுகா காயப்பட்டவளாக நிமிர்ந்தாள். "நீ என்ன வேலைக்காரியா சுப்பம்மா? எங்க குடும்பத்துல ஒருத்தி. குடும்பத்துல யாராச்சும் லீவு கேப்பாங்களா?"

"அப்ப தர்ஷிகாவும் ஒங்க குடும்பந்தானேக்கா. நீங்களும் வாங்களே, ரெண்டு பேருமாப் போவோம்."

"விளையாடாத. சனிக்கெழம கூட்டம் இருக்கு. அத்தன பேருக்கும் நான் ஒருத்தியா தேத்தண்ணி ஊத்துறது? கூட்டம் முடிஞ்சதும் பாப்போம்."

'கருணையுள்ள குடும்பங்கள்' என்பது கூட்டத்தின் பெயர். சனிக்கிழமை வரவேற்பறைக் கதிரைகள் நிறைந்துவிட்டன. அன்றைய பேச்சு பால் பண்ணைகளைப் பற்றியது. கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கும் கொடுமையை றேணுகா விவரித்தாள். "மூணு நாள் விடாமக் கத்துதாம், அந்தத் தாய்" என்னும்போது குரல் உடைந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த நுஸ்ஹா மிஸ் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தார்.

அப்போது சுப்பம்மா வந்தாள். தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னிலையிலும் நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"அக்கா, தர்ஷிகாவுக்கு வலி வந்துருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்களாம், மருமகன் போன் எடுத்தாரு. அம்மா எங்க, அம்மா எங்கன்னு கத்துறாளாம். நான் போறேன்."

எல்லாக் கண்களும் றேணுகாவின் மேல். ஒரு கணம் அவள் முகம் கல்லானது, மறுகணம் மலர்ந்தது.

"ஐயோ, போ சுப்பம்மா! இதையெல்லாம் கேக்கணுமா? ஓடு!"

"இந்தக் காலத்துல யாரு இப்படி அனுப்புவாங்க" என்று நுஸ்ஹா மிஸ் நெகிழ்ந்தார். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

சுப்பம்மா ஸ்டோர் அறைக்கு ஓடிப்போய்ப் பையோடு திரும்பினாள். புதன்கிழமையே கட்டி வைத்திருந்த பை அது. வாசலை அவள் தாண்டப்போகும்போது றேணுகா எழுந்து வந்தாள். வழியனுப்ப வருகிறாள் என்று நினைத்து எல்லோரும் கனிவோடு பார்த்தார்கள்.

"அந்தத் தாய்ப்பசு கன்று போன திசையப் பாத்துக்கிட்டே நிக்குமாம்" என்று சபையைத் திரும்பிப் பார்த்துப் பேச்சைத் தொடர்ந்தபடியே, றேணுகா பையின் ஸிப்பை இழுத்தாள். சுப்பம்மா இந்தச் சோதனைக்குப் பழக்கப்பட்டவள்போல் பையை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு, கேற்றுக்கு வெளியே வீதியைப் பார்த்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணிகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு, றேணுகாவின் கை பையின் அடிவரைக்கும் போனது.