சனிக்கிழமைச் சுவர்

எங்கள் குசினியில், கரண்டிகள் வைக்கிற லாச்சிக்குள் ஒரு நீலப் பசை உருண்டை கிடக்கிறது. சுவரில் தாள் ஒட்டுகிற பசை. காய்ந்து கல்லாகிவிட்டது. அதில் பதிந்திருக்கும் பெருவிரல் அடையாளம் தமிழ்ப் பள்ளி ரீச்சருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. எறிந்துவிட மனம் வருவதுமில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரோவில் என்ற ஊரில், ஆரம்பப் பள்ளியொன்றில், சனிக்கிழமை காலைகளில் மட்டும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து எங்கள் தமிழ்ப் பள்ளி நடந்தது. சிறியதும் பெரியதுமாகப் பிள்ளைகள் எல்லோரும் அந்த ஓர் அறைக்குள்தான். திங்கட்கிழமை வருகிற பிள்ளைகளுக்கு நாங்கள் வந்துபோனதே தெரியக்கூடாது என்பது நிபந்தனை. அதனால் அரிச்சுவடிப் படம், கைமணி, நிறப்பென்சில்கள் எல்லாம் ரீச்சரின் காரில் வந்து காரிலேயே திரும்பும். "உங்கட பள்ளிக்கூடத்துக்கு விலாசம் என்ர கார் டிக்கிதான்" என்று அவருடைய கணவர் பகிடி விடுவார்.

சுவரெல்லாம் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் படங்கள். எங்கள் பிள்ளைகளின் படங்களுக்கும் ஒரு பலகை தரும்படி ரீச்சர் கேட்டுக்கொண்டேயிருந்தார், கிடைக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தில் எங்கள் படங்களைக் காலையில் ஒட்டி, மதியம் கழற்றுவார். அடுத்த சனி பழையவற்றையும் சேர்த்து ஒட்டுவார். தன் பெயரைத் தமிழில் எழுதி என் மகள் வரைந்த யானையை முதல்தடவை கழற்றியபோது, அவள் விக்கி விக்கி அழுதாள்.

"அது வீட்ட போய் நித்திரை கொண்டிட்டு அடுத்த கிழமை வரும், குஞ்சு" என்றார் ரீச்சர்.

நீ இங்கே விருந்தாளி என்று வாராவாரம் பிள்ளைக்கு நினைவூட்டத்தான் கூட்டி வருகிறேனோ என்று அன்று கார் ஓட்டும்போது எனக்குள் ஒரு கலக்கம். ஆனால் அடுத்த சனி அந்தச் சுவருக்கு முதலில் ஓடியவள் அவள்தான்.

பிறகு ரீச்சருக்குப் புற்றுநோய் வந்தது. கையை உயர்த்த முடியாமற்போக, நானே ஒட்டினேன், கழற்றினேன். "பசையை இழுக்காதையும், உருட்டி எடும். இல்லாட்டி சுவரில கறை விழும்" என்று கதிரையில் இருந்தபடியே சொல்வார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்த அன்று, "அம்மா, ரீச்சர்ட வோல் எம்ப்டி" என்றாள் மகள். சின்னப் பிள்ளையை அங்கே கூட்டிவந்ததே சரியா என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த அறைச் சுவர் வெறுமையாக இருந்தது கண்ணில் படவேயில்லை. மறுநாள் படங்களைக் கொண்டுபோனோம். ஒட்டலாம், அறையை விட்டுப் போகும்போது சுவர் முன்போல இருந்தால் போதும் என்றார் தாதி.

ரீச்சர் சிரித்தார். "எங்களுக்குப் பழகின வேலைதானே."

எங்கள் படங்கள் முதன்முதலாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தது அந்தச் சுவரில்தான்.

அந்த வாரமே ரீச்சர் போய்விட்டார். ஆஸ்பத்திரி அறையைக் காலிசெய்து தரும்படி அவருடைய கணவர் என்னைக் கேட்டார். யானையைக் கடைசியாகக் கழற்றினேன். இழுக்காமல், உருட்டி உருட்டி. தாதி சுவரைப் பார்த்துவிட்டு, இங்கே ஒருவரும் இருந்த மாதிரியே இல்லை என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

இப்போது அந்தப் பள்ளியில் எங்களுக்கென்று ஒரு பலகை தந்திருக்கிறார்கள். யானை திங்கட்கிழமையும் அங்கேயே இருக்கிறது. ஆனாலும் சனி மதியம் என் கை தானாகச் சுவரை நோக்கிப் போகும், பாதியில் நின்றுவிடும். அந்தப் பலகையில் குண்டூசிதான் குத்துகிறோம். பசைக்கு வேலையில்லை.