ஆம்புலன்ஸ் மேலிருந்த சிவப்புச் சிலுவை

காளவாசலில் மருந்துக்கடை, கிளினிக், டாக்டர் கார் என்று எதிலாவது சிவப்புச் சிலுவையைப் பார்த்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. சட்டக் கல்லூரியில் போர்க்காலச் சட்டம் நடத்துகிறவள் நான். அது வைத்தியத்துக்கான பொது அடையாளம் இல்லை, போரில் அடிபட்டவர்களையும் அவர்களைத் தூக்கிப் போகிறவர்களையும் தாக்காதே என்று சொல்வது, கண்ட இடத்தில் ஒட்டினால் மதிப்புப் போய்விடும் என்று நின்று விளக்குவேன். ஒரு டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது இருந்தால்தான் நோ பார்க்கிங்கில் வண்டியை விடமுடிகிறது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

என் தங்கை நர்ஸ். போர் நடக்கும் ஒரு நாட்டில், ஆம்புலன்ஸில் போகிற வேலை. கே.கே. நகர் வீட்டில் அம்மா டிவியை அணைக்கவே மாட்டார். அவருக்கும் அதே பாடம்தான் நடத்தினேன். சிலுவை போட்ட வண்டியைத் தாக்கக்கூடாது, உலகமே கையெழுத்துப் போட்டிருக்கிறது என்றேன். அம்மா நம்பினார். அவர் நம்பியதில் எனக்கும் கொஞ்சம் தூக்கம் வந்தது.

போன ஆடியில் ஒருநாள் காலை தங்கை போன் செய்தாள். முந்தின நாள் அவர்களுடைய இன்னொரு வண்டியை, சிலுவை தெரிந்தும் அடித்துவிட்டார்களாம். அதனால் சிலர் சிலுவையைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். மூடினால் செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள். பிரசவ வலியில் இருக்கும் ஒரு பெண்ணைக் கூட்டிவர அவள் உடனே கிளம்பவேண்டும்.

"மூடவாக்கா, அப்படியே விடவா? நீதான இத நடத்துற?"

எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"நீ அந்த வண்டில ஏறாத. ஊருக்கு வந்துரு" என்றேன். அழுதும்விட்டேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். "சட்டத்தக் கேட்டா அக்காவாப் பேசுற. போயிட்டு வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மெசேஜ் வந்தது. மூடாமல்தான் போனார்களாம். இரண்டு செக்போஸ்ட்டிலும் சிலுவையைப் பார்த்துத்தான் விட்டார்களாம். வண்டியிலேயே பிரசவம், பெண் குழந்தை.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். என் கன்னத்தைத் தடவி, "நீ சொன்ன சட்டம் காப்பாத்திருச்சு பாரு" என்றார்.

ஆமாம்மா என்றேன். முந்தின நாள் அடிபட்ட வண்டியைப் பற்றி இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.