கை தூக்கிய நேரம்

ஈஜிபுரா கிளினிக்கில் டோக்கனோடு காத்திருந்த ஒரு சனிக்கிழமை மாலையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். ஆட்காட்டி விரலில் ஊசி ஏறிய பழைய வடு. பக்கத்தில் எந்தத் துணி இருந்தாலும் அதன் தையலை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்க்கும் பழக்கம். என் சட்டைக் கையும் தப்பவில்லை.

டிவியில் வெளிநாடொன்று நடத்தும் விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா. மஞ்சள் உடையில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆட வந்தார்கள்.

"எங்க ஃபேக்டரில தச்சது சார்," என்றார். "கமுக்கட்டுல துணி பத்தாது, கை தூக்கினா கிழியும்னு சொன்னேன். 'அவங்க கை தூக்குவாங்கன்னு உனக்கு யாரு சொன்னா'ன்னு கேட்டா சூப்பர்வைசர். எதிர்த்துப் பேசினேன்னு மெஷின்லருந்து எழுப்பி, இருபது வருஷ டெய்லரை நூல் வெட்ட உட்டா."

கொடி, வாணவேடிக்கை, தலைவர்களின் பேச்சு எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. கடைசியில் இசை உச்சத்துக்கு ஏறியது.

"தூக்குங்கடி," என்று முணுமுணுத்தார்.

தூக்கினார்கள். கேமரா நெருங்கியபோது முன்வரிசையில் அக்குள் தையல்கள் வாய் பிளந்திருந்தன. அவர் அதைச் செல்போனில் படம் பிடித்து சூப்பர்வைசருக்கு அனுப்பினார். கூடவே கன்னடத்தில் ஒரு வரி பேசி அனுப்பினார்: "கை எத்திதரு, மேடம்." கை தூக்கிவிட்டார்கள் என்று.

விழா எப்படி என்று கேட்டேன்.

"சூப்பரா இருந்துச்சு. எட்டுப் பேருக்குக் கிழிஞ்சுது."

நான் டைரியை எடுப்பதைப் பார்த்து, "டைமையும் எழுதிக்குங்க சார்," என்றார்.

அந்த விழாவைப் பற்றி என்னிடம் இருக்கும் குறிப்பு இவ்வளவுதான்: ஆறு மணி பன்னிரண்டு நிமிடம், எட்டுப் பேர்.