இருபத்துநான்கு பேர் குளித்த வாரம்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் எட்டுப் பேர் வேலை பார்க்கிறோம். அதில் ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர் ஒரே ஒருவர். மற்ற ஏழு பேரும் அவர் தண்ணீர் விட்டதைப் பற்றி எழுதுகிறோம். நான் எழுதுகிற கூட்டம், தட்டச்சு எழுத்தர்.

அவரைச் சாவியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. தோள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்காக ஒரு பிடி, கீழே சதுரமாக ஒரு வாய். வால்வுக் குழியின் மூடியை நகர்த்தி, அதை உள்ளே இறக்கி, பிடியை இரண்டு கையாலும் சுற்ற வேண்டும். ஒரு வால்வு முழுசாகத் திறக்க இருபத்திரண்டு சுற்று. பதினாறு வருடம் அவர் கணவர் சுற்றினார். அவர் இறந்ததும் அந்த வேலையை இவருக்குக் கொடுத்தார்கள். முதல் வாரம் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "இதெல்லாம் பொம்பளைக்கு ஆகாதும்மா, ஆபீஸ்ல கூட்டிப் பெருக்கற வேலை தரேன்" என்றார் அப்போதிருந்த அதிகாரி. கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வந்தார். பதினோரு வருடம் ஆகிவிட்டது.

ஒரு தெருவுக்கு ஐம்பது நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். இதுதான் ஊரின் முறை. மாடி வீட்டுக்காரர்கள் வந்து, "இன்னும் பத்து நிமிஷம் விடுங்கம்மா" என்று குழைவார்கள். "அடுத்த தெருவுல போய் நீங்களே சொல்லிட்டு வாங்க, விடறேன்" என்பார். யாரும் போய்ச் சொன்னதில்லை.

எல்லாத் தெருவையும் விட உயரத்தில் இருப்பது மேட்டுத் தெரு. பேரே சொல்லிவிடுகிறது, தண்ணீர் அங்கே ஏறித்தான் போக வேண்டும். சாவியம்மாவின் வீடும் அங்கேதான். இறந்துபோன கணவரின் தங்கையும் அவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நாத்தனாருக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற வேலை. காலையில் தையல் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள். மிஷினை விட வேகமாக ஓடுவது அவள் நாக்கு.

என் வீடு பள்ளத்தில். எங்கள் குழாயில் தண்ணீர் நின்றதே இல்லை. அதனால் தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பொறுமை அதிகம்.

அந்த வருடம்தான் மாணவர்கள் வந்தார்கள். கடல் தாண்டி, இரண்டு விமானம் மாறி, எங்களுக்குச் சுத்தமான தண்ணீரையும் ஆரோக்கியத்தையும் எட்டு நாளில் கொடுத்துவிட்டுப் போக வந்தவர்கள். இருபத்துநான்கு பேர், கூட ஒரு பேராசிரியை. எல்லோருக்கும் நெஞ்சில் தண்ணீர்ச் சொட்டுப் படம் போட்ட நீலச் சட்டை. இரண்டாம் வருடப் படிப்பு. அவர்கள் ஊரில் ஒரு பூனைக்கு ஊசி போடக்கூட அவர்களை விட்டிருக்கமாட்டார்கள். இங்கே நானூறு பேரைச் சோதித்துப் பார்க்க விட்டார்கள்.

அவர்களைத் தங்கவைத்தது மேட்டுத் தெருவுக்குக் கீழே இருக்கிற விருந்தினர் விடுதியில். விடுதிக்கும் மேட்டுத் தெருவுக்கும் ஒரே குழாய்தான் பிரிந்து போகிறது. விடுதித் தொட்டி நிரம்ப வேண்டுமென்றால் தெரு வால்வை மூட வேண்டும். எங்கள் பொறியாளர் சாவியம்மாவைக் கூப்பிட்டார்.

"எட்டு நாளைக்கு விடுதிக்குக் காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் விடணும்மா."

"அப்ப மேட்டுத் தெரு சார்?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க. நம்ம ஊருக்கு நல்லது பண்ண வந்திருக்காங்க."

"ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார்."

"இதுக்கெல்லாம் எழுத்து கேப்பாங்களா? வாயால சொன்னா பத்தாதா?"

அவர் வாயால் சொன்னது பக்கத்து மேசையில் இருந்த எனக்கும் கேட்டது. குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

சாவியம்மா வால்வை மூடினார். தன் தெருவின் வாயைத் தானே கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். மேட்டுத் தெருக்காரர்கள் குடத்தோடு இறங்கிவந்து கீழ்த்தெருக்களில் கெஞ்ச ஆரம்பித்தார்கள். விடுதியில் எழுந்ததும் ஒரு குளியல், மதியம் வெயிலுக்கு ஒரு குளியல், படுக்கப்போகுமுன் ஒன்று. நீலச் சட்டைகளைத் தினமும் துவைத்தார்கள், சொட்டு அழுக்காகாமல் இருக்க. அவர்கள் துவைத்த நுரை விடுதிக்கு வெளியே சாக்கடையில் பூவாய் ஓடியது.

மூன்றாம் நாள் மேட்டுத் தெருவில் கை கழுவும் பயிற்சி. பெரிய படம் ஒன்றைக் கட்டினார்கள், ஏழு படிகள். ஆளுக்கொரு சோப்புக் கட்டி கொடுத்தார்கள். விடுதி மேலாளர்தான் மொழிபெயர்ப்பு. கப்பல் சமையலறையில் பல வருடம் இருந்ததால் அந்தப் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு மாணவி சிரித்த முகத்தோடு போய்த் தெருக்குழாயைத் திருகினாள். குழாய் இரண்டு தடவை இருமியது. அவ்வளவுதான். பேராசிரியை மேலாளர் காதில் ஏதோ சொன்னார்.

மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தண்ணி இல்லாட்டியும் பரவாயில்லையாம். இருக்கற மாதிரி நெனச்சுக்கிட்டு செய்யச் சொல்றாங்க."

தெருவே நின்று வெறுங்காற்றில் கை கழுவியது. விரலிடுக்கு, நகக்கண், கட்டை விரல், மணிக்கட்டு. மாணவர்கள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். நாத்தனார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மத்தியானச் சாப்பாட்டையும் இப்படியே நெனச்சுக்கச் சொல்லுவாங்களா, கேளுங்க" என்றாள்.

மேலாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் கேட்டபோது, ரொம்ப சந்தோஷம் என்கிறார்கள் என்றார்.

நான்காம் நாள் உடல் பரிசோதனை. எல்லோரையும் நிறுத்தி உயரம் அளந்தார்கள். ஐம்பது வயதுக்காரனுக்குத் தன் உயரம் தெரிந்து என்ன ஆகப்போகிறதோ, ஆனால் துல்லியமாக அளந்தார்கள். நாத்தனாருக்கு இரண்டு நாளாக நீர்க்கடுப்பு. இருக்கிற தண்ணீர் சமையலுக்கு ஆகட்டும் என்று குடிப்பதைக் குறைத்ததில் வந்தது. அவள் சொன்னதை மேலாளர் சொல்ல, ஒரு மாணவன் அக்கறையோடு தலையாட்டி, ஒரு சீட்டில் எழுதி நீட்டினான். எழுத்தோடு ஒரு படமும் போட்டிருந்தான்.

சாவியம்மா வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் அந்தச் சீட்டை அவர் மடியில் போட்டாள்.

"இந்தாங்க அண்ணி. எனக்கு எழுதிக் குடுத்த மருந்து. எந்தக் கடையிலயும் கிடைக்காது. உங்ககிட்டதான் இருக்கு."

சீட்டில் மூன்று போத்தல்களின் படம். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்.

"நான் என்ன பண்ணுவேன்? சார் சொல்லிட்டாரு" என்றார் சாவியம்மா.

"அண்ணன் இருந்திருந்தா மூடியிருப்பாரா?"

சாவியம்மா சீட்டை எடுத்து மடித்து வைத்தார். இதை என்னிடம் சொன்னபோது ஒன்று சொன்னார்: "அவரும் மூடியிருப்பாரு தம்பி. அவருக்கு மேலதிகாரின்னா பயம். அவ கேட்டதுக்கு எனக்குக் கோவம் வரல. நானும் அவர மாதிரியே ஆயிட்டேனேன்னுதான் வந்துச்சு."

நாத்தனார் அதற்குள் சுருண்டு படுத்துவிட்டாள். காய்ச்சல் தொட்டால் சுட்டது. சாவியம்மா அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே உண்மையான மருத்துவர் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். அவரும் நிறையத் தண்ணீர் குடிக்கத்தான் சொன்னார். படம் மட்டும் போடவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் சாவியம்மா விடுதி வால்வை இறுக்க மூடினார். மேட்டுத் தெரு வால்வில் சாவியை இறக்கி இருபத்திரண்டு சுற்றும் சுற்றினார். ஐம்பது நிமிடம் கழித்து வழக்கமான முறைப்படி அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

விடுதித் தொட்டி பத்து மணிக்கெல்லாம் காலி. சாவியம்மா மூன்றாவது குழியில் குனிந்திருந்தபோது ஒரு மாணவன் ஓடிவந்தான். இடுப்பில் துண்டு, தலை நிறைய நுரை, ஒரு கண் மூடியிருந்தது. பின்னாலேயே மேலாளர், அவருக்குப் பின்னால் பேராசிரியை.

"என்னம்மா இது, மானம் போகுது! தண்ணி எப்ப வரும்?"

"நாளைக்கு மறுநாள் காலைல ஆறு மணிக்கு. அம்பது நிமிஷம். குடம் வெச்சுக்கச் சொல்லுங்க."

"அதுவரைக்கும் இவங்க என்ன பண்ணுவாங்க?"

"இருக்கற மாதிரி நெனச்சுக்கட்டும்."

மேலாளர் இந்தத் தடவை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார். அவருக்கும் எட்டு நாள் பொறுமை ஐந்து நாளில் தீர்ந்திருந்தது. பேராசிரியை சாவியம்மாவைப் பார்த்தார், அந்த இரும்புக் கம்பியைப் பார்த்தார், நுரைத் தலையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பொறியாளர் தாம்தூம் என்று குதித்தார். ஜீப்பில் ஏறி விடுதிக்குப் போனார், காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்க. போன இடத்தில் பேராசிரியை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தப் பயணத்திலேயே மிகப் பெரிய பாடம் இதுதான் என்றாராம். மாணவர்கள் அன்றைக்கு ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரில் பொழுதை ஓட்டப்போகிறார்கள், அதைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறார்கள், அதற்கு மதிப்பெண் உண்டு. அந்த வாளிகளை நிரப்பவும், மறுநாளிலிருந்து விடுதித் தொட்டியை நிரப்பவும் லாரியில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருக்களுக்கு எந்தக் கோடையிலும் வராத லாரி.

எட்டாம் நாள் நன்றிக் கூட்டம். மேட்டுத் தெரு முனையில் ஆறு குழாய் வைத்த கை கழுவும் தொட்டி ஒன்றைத் திறந்துவைத்தார்கள். பளிங்குக் கல்லில் இருபத்துநான்கு பேரின் பெயரும் இருந்தது. குழாயில் இணைப்புதான் இல்லை. போத்தல் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் படம் எடுத்தார்கள். பொறியாளர் பேசினார்: "விருந்தாளிகளுக்கு நம்ம மக்கள் படற கஷ்டம் புரியணும்னுதான், நாங்களே திட்டம் போட்டு அந்த ஒருநாள் தண்ணிய நிறுத்தினோம்." கைதட்டல் காதைப் பிளந்தது.

அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டு, வாய்மொழி உத்தரவை மீறியதற்காகச் சாவியம்மாவுக்கு மெமோ தட்டச்சு செய்யச் சொன்னார். தானே திட்டம் போட்டதற்கு எப்படி சார் மெமோ என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. மூன்று பிரதி அடித்தேன்.

சாவியம்மாவின் பதில் இரண்டு வரி. "எழுத்தில் இருப்பது ஊர் முறை ஒன்றுதான். அதன்படிதான் தண்ணீர் விட்டேன்." அதைப் படித்துவிட்டுப் பொறியாளர் அவரைப் பம்ப் அறைக்கு மாற்றினார். சாவி ஒரு புது ஆளிடம் போனது. புது ஆள் சுற்றிய சுற்றில் மேட்டுத் தெரு காய்ந்தது, பொறியாளர் வீடு காய்ந்தது, முதல்முறையாக என் வீட்டுக் குழாயும் இருமியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போய் நின்ற அன்றுதான் என் பொறுமையின் அளவு எனக்குத் தெரிந்தது, ஒன்றரை நாள். பதினோராம் நாள் சாவியம்மாவைத் திரும்ப அழைத்தார்கள். அந்த உத்தரவை எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். நான் சந்தோஷமாகத் தட்டச்சு செய்தேன்.

ஆறு குழாய்த் தொட்டியில் இப்போது நாத்தனார் தைப்பதற்கு முன் நனைத்த சீருடைத் துணியை விரித்துக் காயவைக்கிறாள். நல்ல வெயில் விழுகிற இடம்.

அடுத்த வருடம் மாணவர்கள் வரவில்லை. இதைவிடக் கஷ்டமான ஊர் ஒன்று கிடைத்துவிட்டதாக அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. பொறியாளர் நாள் முழுக்க வாடிய முகத்தோடு இருந்தார். சாவியம்மாவுக்கு நான்தான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்த ஊர்ல யாரு தம்பி தண்ணி விடறாங்க?" என்று கேட்டார்.

கடிதத்தில் அது இல்லை என்றேன்.