சிவப்பு வளையக் குஞ்சுகள்

தராசில் வைத்த கோழிக்குஞ்சு துள்ளாமல் இருக்க, டொக்டர் மிஸ் தன் கைக்குட்டையை அதன் தலையில் போடுவார். கண் மறைந்ததும் குஞ்சு அடங்கிவிடும். அவர் நிறையைச் சொல்ல நான் கொப்பியில் எழுதுவேன். கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் கால்நடை மருந்துக் கடையின் பின்முற்றத்தில், இரண்டு கம்பிக்கூடுகளில் அவருடைய ஆய்வு நடந்தது. காலில் சிவப்பு வளையம் போட்டவை தடுப்பு மருந்து குடித்தவை. அடுத்த கூட்டில் இருந்தவை குடிக்காதவை.

மருந்து கொஞ்சம் கடுமையானது. கோழியின் வாலடியில் உள்ளிப்பல்லளவில் ஒரு பை இருக்கிறதாம். நோயை எதிர்க்கும் சக்தி அங்கேதான் உருவாகுமாம். அந்தப் பையைத் தாக்கும் ஒரு நோயிலிருந்து காக்கக் கொடுக்கும் மருந்தே அதைச் சுருக்கிவிடுகிறதா, குஞ்சின் வளர்ச்சியையும் தடுக்கிறதா என்பதுதான் மிஸ்ஸின் கேள்வி. அவருடைய மேற்படிப்பு ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போயிருந்தது. இதுவும் குழம்பினால் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் வெள்ளவத்தையிலிருந்து நிறை பார்க்க வந்த மிஸ் திரும்பிப் போகவில்லை. கொரோனா என்று பொலிஸ் எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டது. "அக்கா, என்னை வெளிய விடமாட்டாங்களாம்," என்று சிரிக்கப் பார்த்தார். கடைக்கு மேலே இருக்கும் என் ஒற்றை அறையில் இருவரும் மாட்டிக்கொண்டோம். ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். பத்து நாள் போனபோது ஒருவர் மூச்சுவிடுவது மற்றவருக்கு எரிச்சலாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், எனக்குத்தான் அதிகம்.

தீவனம் முடியத் தொடங்கியது. மிஸ் தேநீர்க் கோப்பையால் அளந்து இரண்டு கூட்டுக்கும் ஒரே மாதிரிப் போட்டார். "ஒரு பக்கத்துக்கு ஒரு பிடி கூடினாலும் எல்லாம் வீண், அக்கா," என்று ஒருநாள் அல்ல, பல நாள் சொன்னார். நான் விளங்காமல் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிவப்பு வளையக் குஞ்சுகள் மெலிந்து, இறகு சிலிர்த்து, கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றன. அடைபட்டுக் கிடந்த எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மிஸ் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, நிவாரணப் பொதியில் வந்த பாணைப் பிய்த்துத் தண்ணீரில் ஊறவைத்து அவற்றுக்கு மட்டும் போட்டேன். ஒரு நாள் போட்டால் மறுநாள் அவை என்னைக் கண்டதும் ஓடிவருகின்றன. பிறகு எப்படி நிறுத்துவது?

மூன்றாம் கிழமை நிறையைப் பார்த்த மிஸ் என் கையைப் பிடித்துக் குதித்தார். "பாருங்கோ அக்கா, மெலிஞ்சதெல்லாம் மற்றதுகளைப் பிடிச்சிட்டுது!" கள்ளனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றேன். முடிவில் கோழிகளை அறுத்துப் பார்த்தபோது பைகள் சுருங்கித்தான் இருந்தன. பை சுருங்கும், ஆனால் வளர்ச்சி கெடாது என்று எழுதினார். முதல் பாதி மருந்தின் வேலை. மற்றப் பாதி என் பாண்.

ஒழுங்கை திறந்த அன்று படியில் மறித்து, "மிஸ், ஒண்ணு சொல்லணும்," என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்க இல்லாட்டி இது நடந்தே இராது, அக்கா," என்றார். அதற்குமேல் எப்படிச் சொல்வது? பட்டம் கிடைத்தது. நான் மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன், அவருக்காகவா எனக்காகவா தெரியாது.

இப்போது பொலிஸும் இல்லை, தடையும் இல்லை. எந்த பஸ்ஸிலும் ஏறி எங்கும் போகலாம். ஆனாலும் கடையில் இருக்கும்போது எனக்கு அந்த அறையின் மூச்சுமுட்டல்தான். மிஸ்ஸின் சொல்லை நம்பிப் பண்ணைக்காரர்கள் அந்த மருந்தைத்தான் கேட்டு வருகிறார்கள். போன கிழமை ஓர் இளம் பெண், கடன் எடுத்து முதல்முறை குஞ்சு இறக்கியவள், மிஸ் மருந்து எழுதிக் கொடுத்த துண்டோடு வந்தாள்.

"அக்கா, இதக் குடுத்தா குஞ்சு மெலியாதா?"

"மெலியும்," என்றேன்.

"பிறகு?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குளிர்பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்தேன்.

"பிறகு மற்றதுகளைப் பிடிச்சிரும்மா. டொக்டர் மிஸ் கண்ணால பாத்தவங்க."